இன்னாசி திரும்பிப் போன சனிக்கிழமை

புனே
19.11.2018

அன்புள்ள அண்ணிக்கு,

சுகுணா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பத்து வருஷமாவது இருக்கும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உங்களுக்கும் அண்ணனுக்கும் மாற்றி மாற்றிப் போன் போடுகிறேன். மணியே அடிக்கவில்லை. புயலில் டவர் சாய்ந்துவிட்டது, கரண்ட் வர ஒரு மாதம் ஆகும் என்று செய்தியில் சொல்கிறார்கள். கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றைக் காட்டினார்கள். ஒரு மரம்கூட நிற்கவில்லை. அது நம்முடையதா என்று பார்ப்பதற்குள் வேறு ஊரைக் காட்டிவிட்டார்கள்.

நேற்று மதியம் அண்ணன் யாருடைய போனிலிருந்தோ பேசினார். திருச்சியில் இருக்கிறேன் என்றார். "எல்லாரும் நல்லாருக்கோம். தென்னை பூராம் போச்சு. நீ கெளம்பி வராத, பஸ்ஸு கெடயாது." அவ்வளவுதான், கட்டாகிவிட்டது.

புயலுக்கு முந்தின சனி ஞாயிறு நாங்கள் அங்கே இருந்தபோது காற்றே இல்லையே அண்ணி. காலையில் எட்டு மணி வரை தோப்புக்குள் பனி நின்றது. நீங்கள் வெந்நீர் விளாவி வைத்துவிட்டுக் கூப்பிட்டும் நான் போர்வைக்குள்ளேயே கிடந்தேன். அப்படித் தூங்கிப் பல வருஷம் ஆகிறது. பாலாஜிகூட ரயிலில் வரும்போது, "உங்க வீட்ல ரெண்டு நாள் இருந்தது ரெண்டு மாசம் லீவு போட்ட மாதிரி இருக்கு" என்றார். அதற்குள் ஐந்தே நாளில் இப்படி.

வீட்டு ஓடு என்னவாயிற்று? மாடுகள்? அவற்றைப் பார்த்துக்கொள்ளும் காத்தாயியின் குடிசை? சரண்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பலாமரத்து ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். இரண்டு வரியாவது எழுதி யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள்
சுகுணா


சேந்தன்குடி சாலை, கீரமங்கலம்
28.11.2018

சுகுணாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டி வருகிறார்.

வீட்டில் முன்பக்க ஓடு பாதி பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டிருக்கிறோம். தென்னை நூற்றுப்பத்தில் ஏழு நிற்கிறது. தண்ணீருக்கு ஊரில் ஜெனரேட்டர் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டியில் ஏற்றுகிறார்கள். உன் அண்ணன் தோப்புப் பக்கம் போவதே இல்லை. போனால் உட்கார்ந்துவிடுகிறார்.

பலாமரம் விழுந்துவிட்டது. மாட்டுக்கொட்டகை மேலே விழுந்தது. கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டது. காத்தாயிக்குக் கையில் அடி.

சரண்யாவிடம் ஊஞ்சல் இல்லை என்று சொல்லிவிடு.

பக்கத்து வீட்டுச் செல்லமுத்து சாமான் வாங்கப் புதுக்கோட்டை போகிறார். அங்கே தபாலில் போட அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

ராஜலட்சுமி


புனே
5.12.2018

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பலாமரம் விழுந்துவிட்டது என்ற வரிக்கே திரும்பத் திரும்ப வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்பது மணி இருக்கும். நான் கயிற்றுக் கட்டிலில் படுத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். சரண்யா ஊஞ்சலில் இருந்தாள். இன்னாசி மரம் அறுக்கும் மெஷினும் வடமுமாக வந்து நின்றார். பலாமரத்தின் அடியில் பொந்து விழுந்திருக்கிறது, கொட்டகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது, மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணன்தான் வரச் சொல்லியிருந்தார். மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் என் தலைக்குள் போனது. நான் எழுந்துகூட உட்காரவில்லை. படுத்தபடியே சொன்னேன்: "அண்ணே, இன்னிக்கு வேணாமே. ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வந்திருக்கோம். நாங்க போனப்புறம் வெட்டிக்கங்க."

அடுத்த சனிக்கிழமைதான் வர முடியும் என்றார் இன்னாசி. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி ஆசப்படுது, அடுத்த வாரமே வாப்பா" என்றார். இன்னாசி வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் விட்ட பக்கத்திலிருந்து படித்தேன். மறுநாள் மத்தியானம் அந்த மர நிழலில்தான் எல்லாருக்கும் இலை போட்டீர்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் புயல்.

கன்றுக்குட்டி செத்ததைச் சரண்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. அது சரண்யாவின் கையை நக்கியது. ஆனால் நீங்கள் காத்தாயியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் அந்த நேரத்தில் கொட்டகைக்கு ஏன் வந்தாள்? என்ன அடி? அண்ணன் திருச்சிக்கு எதற்குப் போனார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. என்னிடம் மறைக்க வேண்டாம் அண்ணி.

சுகுணா


கீரமங்கலம்
14.12.2018

சுகுணாவுக்கு,

மறைக்க வேண்டாம் என்று நீயே கேட்டாய். எழுதுகிறேன்.

காத்தாயியின் குடிசை கீற்றுக் கூரை. காற்றுக்குத் தாங்காது என்று வியாழக்கிழமை சாயங்காலம் நான்தான் அவளை வரச் சொன்னேன். கொட்டகையை ஒட்டித் தவிடு, புண்ணாக்கு வைக்கும் அறை இருக்கிறதே, அதில் படுத்துக்கொண்டாள். விடியப்போகிற நேரத்தில் மரம் சாயும் சத்தம் அவளுக்கு முதலில் கேட்டிருக்கிறது. தப்பி வெளியே ஓடியிருக்கலாம். கன்றைக் கட்டவிழ்க்கப் போனாள். முளைக்கயிற்றில் கை வைத்திருக்கும்போதே உத்தரம் கையின் மேல் இறங்கிவிட்டது.

உன் அண்ணனும் நானும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. காற்று நின்றபிறகு ஆட்கள் வந்து அறுத்துத் தூக்கினார்கள். சாலை முழுக்க மரம். கட்டிலில் வைத்து ஆலங்குடி வரை தூக்கிப் போனார்கள். அங்கிருந்து புதுக்கோட்டை, பிறகு திருச்சி. உன் அண்ணன் போன் பேசினாரே, அன்றுதான் ஆபரேஷன். வலது கையில் நாலு விரலையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இருக்கிறது.

அவள் விடியற்காலையில் முல்லைக் கொல்லையில் பூப் பறித்து, எட்டு மணிக்கு இங்கே வந்து மாட்டைப் பார்க்கிறவள். விரல்தான் அவளுக்குச் சோறு.

நீ வந்த அந்த இரண்டு நாளைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறாய். நானும் சொல்கிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு எழுந்து அண்டாவில் வெந்நீர் போட்டேன். மாவு ஆட்டினேன். உன் வீட்டுக்காரருக்குப் பணியாரம், சரண்யாவுக்கு இட்லி, உனக்குக் கேப்பைக் களி கேட்டாய். மத்தியானம் நாட்டுக்கோழி. அடுப்பு அணையவே இல்லை. காத்தாயி அந்த இரண்டு நாளும் பூப்பறிக்கப் போகவில்லை. விருந்தாடி வந்திருக்காக என்று என்னோடு நின்றாள். நீ படித்த அந்தக் கட்டிலை வெயிலுக்கு ஏற்ற மாதிரி மூன்று தடவை இழுத்துப் போட்டது அவள். நீ ஒருதரம்கூட அடுப்படிக்குள் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இன்னாசியை வரச் சொல்லி நான் உன் அண்ணனிடம் ஆறு மாதம் மன்றாடினேன். நீ படுத்துக்கொண்டே ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டாய்.

நேற்றுக் கரண்ட் வந்துவிட்டது. போனும் வேலை செய்கிறது. தயவுசெய்து கூப்பிடாதே. குரலைக் கேட்டால் எனக்கு வாயில் வேறு ஏதாவது வந்துவிடும்.

ராஜலட்சுமி


புனே
21.12.2018

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒன்றும் மிகை இல்லை. எல்லாம் அப்படியேதான் நடந்தது. கட்டிலை யார் நகர்த்தினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அது நிழலிலேயே இருந்தது, நான் படுத்திருந்தேன்.

பாலாஜியிடம் சொன்னேன். "புயலுக்கு நீ என்ன பண்ணுவ? லட்சக்கணக்குல மரம் விழுந்திருக்கு" என்றார். அலுவலகத்தில் ஒரு தோழியிடம் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். லட்சம் மரத்தில் ஒன்றை வெட்ட ஆள் வந்து நின்றது. அந்த ஒன்றுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது காத்தாயிக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். நீளமாக ஒன்றும் இல்லை. இன்னாசி வந்தது, நான் திருப்பி அனுப்பியது, எதற்காக அனுப்பினேன் என்பது. மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதைக் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

படித்த பிறகு அவள் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள்.

நான் போன் செய்ய மாட்டேன்.

சுகுணா


கீரமங்கலம்
31.12.2018

சுகுணாவுக்கு,

உன் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை காத்தாயி வீட்டுக்குப் போனேன். கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். அறந்தாங்கியில் இருக்கிற மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. முதல் தடவை போனபோது இடது கையால் பூண்டு உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு பல்லுக்கு எவ்வளவு நேரம். இரண்டாவது தடவை தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள். தாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

படிக்க முடியாமல் போனதற்கு அவள் காரணமில்லை. உன் தாளில் எழுதியிருப்பது பாதிதான். மீதி என்னிடம் இருக்கிறது. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில் ஏறினீர்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இன்னாசி இந்த வழியாக டிவிஎஸ்ஸில் போனவர் நின்றார். பின்னால் மெஷின் கட்டியிருந்தது. "ஆத்தா, புயலு வருதுங்கறாய்ங்க. கொட்டகைப் பக்கத்துக் கெளைய மட்டுமாவது எறக்கிட்டுப் போயிறட்டா? ஒரு மணி நேரம் ஆகாது" என்றார்.

நான் நீங்கள் படுத்த விரிப்பு, தலையணை உறையெல்லாம் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உன்மேல் அப்படி ஒரு கோபம். அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம்ணே. பொறந்த வீட்டுப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கு. மரம் அவுக அப்பா வீட்டு மரம். நான் யாரு வெட்டச் சொல்ல? சனிக்கெழம சொன்னபடி சனிக்கெழமயே வாங்க."

அவர், "என்ன ஆத்தா நீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொட்டகை மேல் விழட்டும், அப்போதாவது உன் அண்ணனுக்குப் புத்தி வரும் என்றுகூட மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. கொட்டகையைத்தான் நினைத்தேன். ஆள் நினைப்பே இல்லை. வியாழக்கிழமை நானே அவளை அங்கே படுக்க வைத்தேன்.

இன்னும் ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குள் நீங்கள் படுத்த கூடம் காலியாக இருந்தது. உத்தரமெல்லாம் தேக்கு. காற்று வலுத்தபோது அவளை உள்ளே கூப்பிடலாம் என்று எழுந்தேன். கதவு வரை போனேன். இத்தனை வருஷத்தில் அவள் உள்ளே படுத்ததில்லை. உன் அண்ணன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எனக்கே வாய் வரவில்லை. திரும்பிப் படுத்துவிட்டேன்.

போன கடிதத்தில் உன்னை அவ்வளவு திட்டினேனே, எழுதி முடித்தபோது பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நாலு நாள்தான். கிழித்துப் போடாமல் அதை அனுப்பியதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ராஜலட்சுமி


புனே
7.1.2019

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி. பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று புரிந்தது. கையைத் துடைத்துவிட்டு உடனே இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதமாட்டேன்.

உங்களை அந்தக் கோபத்தில் விட்டுவிட்டு வந்தது நான். ஆனால் இதையே நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தால் கடிதம் நமக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்கும். காத்தாயிக்கு இன்னும் எதுவும் தெரியாது. புயல் வந்தது, மரம் விழுந்தது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் தாளைப் படிக்க வேண்டாம். என்னுடையதையும் உங்களுடையதையும் வாயால் சொல்லிவிடுங்கள். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். குடியரசு தினம் சனிக்கிழமை வருகிறது. முன்னும் பின்னும் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம்.

சுகுணா


கீரமங்கலம்
17.1.2019

அன்புள்ள சுகுணாவுக்கு,

பொங்கலன்று உன் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். ராத்திரி சாப்பிட வந்தபோது, "நானும்தான இன்னாசிய அடுத்த வாரம் வரச் சொன்னேன்" என்றார்.

நேற்று மாட்டுப் பொங்கல். ஒரு தூக்கில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு காத்தாயி வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய்க்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். தோல் இன்னும் சிவப்பாக இருக்கிறது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "ஏம்மா மண்ணுல ஒக்கார்றீக" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். சனிக்கிழமை நீ சொன்னது, செவ்வாய்க்கிழமை நான் சொன்னது, வியாழக்கிழமை கதவு வரை போய்த் திரும்பினது. வரிசையாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று வேகமாகச் சொன்னேன்.

அவள் தூக்குச் சட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மரத்த விடுங்கம்மா. மரம் என்னைக்காச்சும் விழுகும். உள்ள ஏன் கூப்புடல?"

தெரியல காத்தாயி என்றேன். "தெரியும்" என்றாள். "ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் வந்து கதவத் தட்டலல்ல. காத்து அந்த அடி அடிக்குது, தட்டலாமான்னு நெனைக்கிறேன். எந்திரிச்சு வரல. அப்ப எனக்கும் அது உள்ளுக்குள்ள இருந்திருக்கு."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "போதும்மா. பேன் கடிக்குது. தலையச் சீவி விடுறீகளா? மக போனதுலேருந்து சீவல. ஒத்தக் கையால முடியல" என்று சொல்லித் திரும்பி உட்கார்ந்தாள்.

சுகுணா, பதினெட்டு வருஷமாக அவள் இந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் தலையை நான் தொட்டதில்லை. முடி சிக்குப் பிடித்துக் கயிறு மாதிரி கிடந்தது. எண்ணெய் வைத்து நுனியிலிருந்து பிரித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலிக்குதா என்று கேட்டேன். "காதோரம் மெதுவா" என்றாள். பின்னி முடித்ததும் இடது கையால் பின்னலைத் தடவிப் பார்த்தாள்.

நான் எழுந்தபோது, நாளைக்கும் வாரேன் என்றேன். "நாளைக்கு வேணாம். தெனம் வந்தா எனக்குத் தாங்காது. ரெண்டு நாள் விட்டு வாங்க" என்றாள். கொட்டகை வேலைக்குத் திரும்பி வருவாயா என்று கேட்டேன். கருப்பன் வீட்டு முல்லைக் கொல்லையில் பூவைத் தரம் பிரித்துப் பொட்டலம் போட வரச் சொல்லியிருக்கிறார்களாம், அது ஒரு கையால் முடியுமா என்று பார்க்கப் போகிறாளாம்.

நீ வருகிறாய் என்பதையும் சொன்னேன். நான் வேலியைத் தாண்டிய பிறகுதான் கூப்பிட்டாள். அப்படியே எழுதச் சொன்னாய், அப்படியே எழுதுகிறேன்.

"சுகுணாம்மா வந்தா வரட்டும். வந்து ஏங்கிட்ட ஒக்காந்து அழுக வேணாம்னு மட்டும் சொல்லிருங்க. அழுதாகன்னா நாந்தேன் தேத்தணும்."

ராஜலட்சுமி